ஒரு மில்லிமீட்டர் மின்னல்! ஸ்பார்க் பிளக் பற்றி இதெல்லாம் தெரியுமா?

ஒரு ஸ்பார்க் பிளக்கை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். மேலே வெள்ளைப் பீங்கான், நடுவில் ஸ்பேனர் பிடிக்க ஆறு பட்டை, கீழே மரை, நுனியில் கொக்கிபோல வளைந்த ஒரு சின்னக் கம்பி. அந்த வெள்ளைப் பீங்கான் எதனால் ஆனது தெரியுமா? மாணிக்கமும் நீலக்கல்லும் எதனால் ஆனவையோ அதே அலுமினியம் ஆக்சைடால்! அந்த ரத்தினங்களின் கனிமத்தை உலகம் முழுக்க ‘கொரண்டம்’ என்கிறார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து போனது? நம்முடைய ‘குருந்தம்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து! பிளக்கைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, ஆனால் அதன் மேனிக்குப் பெயர் கொடுத்தது தமிழ்.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சாட்சி. உடைந்த பிளக் பீங்கானின் சிறு சில்லு வேகமாகப் பட்டால் போதும், காரின் பக்கக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கார் திருடர்கள் இதைக் கற்றுக்கொண்டதால், கலிஃபோர்னியா மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 466-ஆம் பிரிவில், திருட்டுக் கருவிகளின் பட்டியலில், கடப்பாரைக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் பக்கத்திலேயே பிளக் பீங்கான் சில்லும் இடம்பிடித்துவிட்டது!

இந்தப் பிளக் கதையை ஒரு டிரக்கை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். “லாரிக்கு ஏது பிளக்?” என்று நம் ஊர் ஓட்டுநர் கேட்பார். நியாயமான கேள்வி. நம் சாலைகளில் ஓடும் லாரிகள் பெரும்பாலும் டீசல். டீசல் இன்ஜினில் பொறியே கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கிச் சூடேற்றினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சி.என்.ஜி. லாரி என்றால் பிளக் உண்டு. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே டிரக் என்றதும் மனதில் வந்து நிற்பது பெட்ரோலில் ஓடும் பிக்அப். அரை நூற்றாண்டுப் பழைய பிக்அப்பைப் பிள்ளைபோல வளர்க்கிறவர்கள் அங்கே ஏராளம். அவர்கள் முதலில் கைவைப்பது இக்னிஷனில், அதாவது பிளக்குக்குப் பொறி கொடுக்கும் அமைப்பில்தான். பழைய பாயிண்ட் செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டுவார்கள். மாட்டிய கையோடு ஒரு கேள்வி வரும்: இனி எந்தப் பிளக் போடுவது?

அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அதிசயங்கள் கொஞ்சநஞ்சமல்ல!

1972-இல் வந்த ஷெவ்ரலே சி10 பிக்அப்பை எடுத்துக்கொள்வோம். 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி8 இன்ஜின். எட்டு சிலிண்டர், எட்டு பிளக். அதில் இருந்த பாயிண்ட் இக்னிஷனின் மூலவர் யார் தெரியுமா? ஒஹாயோ மாநிலம் டேட்டன் ஊரில், ஒரு களஞ்சியக் கொட்டகைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங். அவருடைய அமைப்பு 1910 மாடல் கேடிலாக் காரில் ஏறியது. அதே அடிப்படைதான் 1970-களின் நடுப்பகுதி வரை கோடிக்கணக்கான வண்டிகளை ஓட்டியது. இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டுப் பிரியும், பிரிகிற கணத்தில் காயில் என்ற கம்பிச்சுருளில் உயர் மின்னழுத்தம் பிறந்து பிளக்கில் பொறி தாவும். அறுபது ஆண்டுக்கு மேல் அதை அசைக்க ஆளில்லை!

அசைத்தது புகை. காற்று மாசுச் சட்டங்கள் இறுகின, பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டிய மெலிந்த கலவையில் இன்ஜின்கள் ஓட வேண்டியதாயிற்று. மெலிந்த கலவை லேசில் பற்றாது. பெரிய பொறி வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1974-இல் ஹெச்.இ.ஐ. என்ற உயர் ஆற்றல் இக்னிஷனைக் கொண்டுவந்து, 1975-இல் எல்லா வண்டிக்கும் வழக்கமாக்கியது. பாயிண்டுக்குப் பதில் காந்தமும் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் மாட்யூலும். வி8-இல் காயில்கூட, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இன்றுவரை பழைய சி10 வைத்திருப்பவர்கள் ஆசையாக மாட்டுவது இதைத்தான்.

இப்போது ஒரு பெரிய ஆச்சரியம். புது காயில் வாங்கினால் டப்பாவில் 40,000 வோல்ட், 50,000 வோல்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மாட்டியதும் அத்தனை வோல்ட்டும் பிளக்கில் பாயும் என்றுதானே நினைப்போம்? இல்லவே இல்லை! நம் ஏரியை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் ஏரியில் நீர் கலிங்கின் உயரம் வரைதான் நிற்கும், அதற்குமேல் வழிந்தோடிவிடும். காயிலிலும் அப்படியே. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே வரும். பிளக் இடைவெளியைத் தாண்டப் போதுமான அளவு வந்த கணமே பொறி தாவிவிடும், ஏற்றம் அங்கேயே நின்றுவிடும். அமைதியாக ஐடிலில் ஓடும் இன்ஜினுக்கு 10,000 வோல்ட் சுற்றுவட்டாரத்திலேயே வேலை முடிந்துவிடலாம். மிச்சமெல்லாம் கையிருப்பு. எத்தனை வோல்ட் தேவை என்று முடிவு செய்வது காயில் இல்லை, பிளக்கின் இடைவெளியும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமும்தான்!

ஃபிரெட்ரிக் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1889-லேயே இதைச் சொல்லிவிட்டார். வாயுவின் அழுத்தம் கூடினாலும் இடைவெளி கூடினாலும் பொறி தாவுவதற்கு வேண்டிய வோல்ட் ஏறும். பட்டறையில் கழற்றிய பிளக்கை இன்ஜின் மேல் வைத்து உதைத்துப் பார்த்தால் நீலமாய்ப் பளீரென்று அடிக்கும். அதே பிளக் உள்ளே போனதும் மேட்டில் திணறும். ஏன் என்று இப்போது புரிகிறதா? வெளிக்காற்றில் தாவுவது சுலபம். சுமையோடு ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்கு. பின்னால் படகோ டிரெய்லரோ இழுத்துக்கொண்டு மலையேறும் பிக்அப் ஐடிலில் சீராக ஓடிவிட்டு ஏற்றத்தில் மட்டும் விக்கும் ரகசியம் இதுதான்.

அப்படியென்றால் புது இக்னிஷனால் என்ன லாபம்? இடைவெளியை அகலமாக்கலாம்! அகலமான இடைவெளியில் நீளமான பொறி, நீளமான பொறியைச் சுற்றி அதிகக் கலவை, தவறாமல் பற்றும் நெருப்பு. பாயிண்ட் காலத்தில் அந்த 350 இன்ஜினுக்கு பிளக் கேப் 0.035 அங்குலம், மில்லிமீட்டரில் சுமார் 0.9. ஹெச்.இ.ஐ. வந்ததும் பொறியாளர்கள் உற்சாகத்தில் 0.060 அங்குலத்துக்கே போய்விட்டார்கள். ஒன்றரை மில்லிமீட்டர்! பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? சில ஆண்டுகளிலேயே 0.045-க்கு இறங்கி வந்தார்கள்.

ஏன் இறங்கினார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பழைய ஹெச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே ஷாஃப்டின் மேல் சுழலும் ரோட்டரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் நடுவில் ஊசி முனையளவு ஒரு ஓட்டை இருக்கும். சுற்றிலும் சாம்பல் பூத்ததுபோல் கரித்தடம். கீழே ஷாஃப்டின் தலையில் அதற்கு நேராக ஒரு கருகிய புள்ளி. கேப் அளவுக்கு மீறி அகன்றுவிட்டால் மின்சாரத்துக்கு பிளக் வழியே போவது கஷ்டமாகிவிடும். அது வேறு வழி தேடும். பிளக்கை விட்டுவிட்டு ரோட்டரின் பிளாஸ்டிக்கையே துளைத்துக்கொண்டு ஷாஃப்டுக்குள் இறங்கிவிடும்! பிளக் தேயத் தேய கேப் தானாகவே வளரும் என்பதையும் சேர்த்து நினைத்தால், 0.045-இல் தொடங்குவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தெரியும். சி10-இல் ஹெச்.இ.ஐ. மாட்டியவருக்கு நான் சொல்வதும் அதே 0.045-தான்.

அதற்கு முன்னால் ஒரு வயரைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் கருகாமல் இருக்க அந்தக் காலத்து வண்டியில் காயிலுக்குப் போகும் வயரையே மின்தடை வயராகப் போட்டிருந்தார்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு பேட்டரியின் முழு வோல்ட்டும் போகும், ஓடத் தொடங்கியதும் குறைந்துவிடும். ஹெச்.இ.ஐ.க்கு எப்போதும் முழு 12 வோல்ட் வேண்டும். பழைய வயரிலேயே இதை இணைத்துவிட்டு, பொறி பலவீனமாக இருக்கிறதே என்று பிளக் மேல் பிளக் மாற்றுகிறவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. பிளக் மேல் எந்தக் குற்றமும் இல்லை!

அடுத்தது, பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம். ‘ஹாட் பிளக்’, ‘கோல்ட் பிளக்’ என்கிறார்களே, ஹாட் பிளக்கில் பொறி சூடாக வருமா? கிடையவே கிடையாது! பொறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக் தன் மூக்கில் ஏறிய சூட்டை எவ்வளவு வேகமாக இன்ஜின் தலைக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நீண்ட வழி போக வேண்டும், அது ஹாட். குட்டையாக இருந்தால் கோல்ட். மூக்கு நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850-ஐ நெருங்கினால் ஆபத்து: பொறி வருவதற்கு முன்பே சிவந்த நுனி கலவையைப் பற்றவைத்துவிடும், பிஸ்டன் உருகும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் அளவுக்குச் சூடு, தானே தீ மூட்டாத அளவுக்குக் குளிர்ச்சி. இந்தக் குறுகலான வரப்பின் மேல்தான் ஒவ்வொரு பிளக்கும் வாழ்நாள் முழுக்க நடக்கிறது!

இக்னிஷனை மட்டும் மாற்றியதற்காக இந்த ஹீட் ரேஞ்சைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் சூட்டைக் கூட்டும் வேலை எதையாவது செய்தால்தான், டர்போ, சூப்பர்சார்ஜர், அதிகக் கம்ப்ரஷன் இப்படி ஏதாவது இருந்தால்தான், கோல்ட் பக்கம் ஒரு படி போவது.

அந்தப் படி எந்தப் பக்கம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது, எலிப்பொறி! ஏ.சி., சாம்பியன், ஆட்டோலைட், பாஷ் பிளக்குகளில் எண் கூடினால் ஹாட். ஜப்பானிய என்.ஜி.கே., டென்சோவில் எண் கூடினால் கோல்ட். நேர் எதிர்! நம் ஊர் உதிரிபாகக் கடை அலமாரியில் பாஷும் என்.ஜி.கே.யும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன, எண்களோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

பிளக்கில் அச்சடித்திருக்கும் எழுத்து வெறும் கடை நம்பர் இல்லை, அது ஒரு ஜாதகம். ஏ.சி. நிறுவனத்தின் ‘ஆர்45டிஎஸ்’ என்பதைப் பிரித்துப் படியுங்கள். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 4 என்றால் 14 மி.மீ. மரை. 5 ஹீட் ரேஞ்ச். டி என்றால் டேப்பர் சீட், வாஷர் இல்லாமல் சரிவாக உட்காருவது. எஸ் என்றால் மூக்கு கொஞ்சம் வெளியே நீட்டியிருப்பது. ஐந்தே எழுத்தில் முழு வரலாறு! அந்த ரெசிஸ்டர் எதற்குத் தெரியுமா? ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். உள்ளே சுமார் 5,000 ஓம் தடை இல்லாவிட்டால் ரேடியோவில் பாட்டுக்குப் பதில் இன்ஜின் படபடப்புதான் கேட்கும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய வண்டியில் அந்த அலை மாட்யூலையே குழப்பலாம் என்பதால் ஆர் எழுத்து கட்டாயம் இருக்கட்டும்.

ஏ.சி. என்றால் யார்? ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரின் முதலெழுத்துகள். சைக்கிள் வீரர்! 1899-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் வென்றவர். அமெரிக்கா போய் பாஸ்டனில் பிளக் தொழில் தொடங்கினார். பிறகு பங்காளிகளைப் பிரிந்து 1908-இல் மிச்சிகனின் ஃபிளின்ட் ஊருக்குப் போனார். ‘சாம்பியன்’ என்ற பெயர் பழைய பங்காளிகளிடமே தங்கிவிட, அவருக்கு மிஞ்சியது இரண்டு எழுத்து. போட்டி போட்ட இரண்டு பிளக்குகளுக்கும் ஒரே மனிதரின் பெயர்! 1927-இல் சார்லஸ் லிண்ட்பர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்தாரே, அந்த விமானத்தில் இருந்தவை ஏ.சி. பிளக்குகள். அதே ஆண்டில் பாரிஸில் ஆல்பர்ட் சாம்பியன் காலமானார்.

இன்றைய பரபரப்பு இரிடியம் பிளக். இரிடியம் பூமியின் மேலோட்டில் அரிதிலும் அரிது, விண்கற்களில் தாராளம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் அடுக்கில் இரிடியம் குவிந்திருப்பதைக் கண்டுதான், டைனோசர்களை அழித்தது விண்ணிலிருந்து வந்த கல் என்று 1980-இல் ஆல்வாரெஸ் குழுவினர் சொன்னார்கள். அந்த உலோகம் இப்போது பிளக் நுனியில்! உருகுநிலை 2,446 டிகிரி. சாதாரண நிக்கல் பிளக்கின் மைய முனை 2.5 மி.மீ. தடிமன், இரிடியத்திலோ 0.4 மி.மீ. வரை மெலிதாக்க முடிகிறது. மெலிந்த முனையிலிருந்து பொறி எளிதாகத் தாவும், தேய்வதும் குறைவு. ‘காப்பர் பிளக்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் பொறி செம்பிலிருந்து தாவுவதில்லை. செம்பு உள்ளே ஒளிந்துகொண்டு சூட்டை மட்டும் கடத்துகிறது, நுனி நிக்கல் கலவைதான். கார்புரேட்டர் வைத்த பழைய சி10-க்கு எது? சாதாரண நிக்கலே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. கார்புரேட்டர் கலவை கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கரி பிடிக்கும், கரி பிடித்தால் இரிடியமும் நிக்கலும் ஒன்றுதான். நாலு முனை வைத்த பிளக்கைப் பார்த்து நாலு பொறி வரும் என்று மயங்கவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே முனைக்குத்தான் பொறி தாவும்!

ஹெச்.இ.ஐ.யோடு நிற்காமல் டெக்சாஸின் எல் பாசோவில் பிறந்த எம்.எஸ்.டி. பெட்டியையும் மாட்டுகிறவர்கள் உண்டு. அது 12 வோல்ட்டைச் சுமார் 470 வோல்ட்டாக்கி ஒரு கெப்பாசிட்டரில் தேக்கி, ஒரே அடியாகக் காயிலுக்குள் கொட்டுகிறது. அப்படி வரும் பொறி மகா வீரியமானது, ஆனால் கண நேரத்தில் அணைந்துவிடும். அதற்கு என்ன வழி கண்டார்கள்? ஒன்றுக்குப் பதில் பல பொறி! 3,000 ஆர்.பி.எம். வரை, கிராங்க் 20 டிகிரி சுற்றும் நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பொறி விழுந்துகொண்டே இருக்கும். அதற்குமேல் வேகத்தில் நேரம் போதாது, ஒரே பொறிதான்.

சரி, சாதாரண இக்னிஷனில் ஒரு பிளக் எத்தனை முறை அடிக்கிறது? கணக்குப் போடுங்கள். 2,000 ஆர்.பி.எம்.மில் ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,000 முறை அடிக்கிறது. அந்த வேகத்தில் மணிக்கு 60 மைல் போகும் பிக்அப்பில் ஒரு மைலுக்கு 1,000 பொறி. 20,000 மைல் ஓடுவதற்குள் ஒவ்வொரு பிளக்கும் 2 கோடி முறை மின்னியிருக்கும். எட்டும் சேர்ந்து 16 கோடி!

மாட்டுவதற்கு முன் இன்னொரு விஷயம், மரையின் நீளம். சி10-இன் அசல் இரும்புத் தலைக்கு டேப்பர் சீட்டும் குட்டை மரையும். யாராவது அலுமினியத் தலை மாற்றியிருந்தால் பெரும்பாலும் முக்கால் அங்குல மரையும் வாஷரும் கேட்கும். வண்டி என்ன மாடல் என்று பார்க்காமல் தலை என்ன என்று பாருங்கள். நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும், குறைந்தால் காலி மரையில் கரி சேரும். பிளக்கின் வடிவம் எவ்வளவு தூரம் படுத்தும் என்பதற்கு 2004-இல் வந்த ஃபோர்டு எஃப்-150 சாட்சி. அதன் 5.4 லிட்டர், சிலிண்டருக்கு 3 வால்வு இன்ஜினில் பிளக்கின் அடிப்பகுதி நீண்ட குழாய்போல் இருந்தது. அதைச் சுற்றிக் கரி இறுகி, கழற்றும்போது பிளக் இரண்டாகப் பிய்ந்து கீழ்ப்பாதி தலைக்குள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே இழுப்பதற்கென்றே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன!

பழைய பிளக்கைக் கழற்றியதும் பீங்கானின் அடியில், இரும்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பழுப்பு வளையம் தெரிகிறதா? கேஸ் லீக் என்று பதறாதீர்கள். உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றைக் கிளறி, அதில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் பூசிய கறை அது. கொரோனா கறை என்று பெயர். பிளக்குக்கு எந்தத் தீங்கும் இல்லை.

புதுப் பிளக்கை ஸ்பேனரால் தொடங்கக் கூடாது. ஒரு துண்டு ரப்பர் டியூபைப் பீங்கான் தலையில் செருகி விரலாலேயே சுற்றுங்கள். மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கிவிடும், இன்ஜின் தலையின் மரை தப்பிக்கும். கையால் இறுகி நின்றபிறகு டேப்பர் பிளக்குக்கு எவ்வளவு திருகல் தெரியுமா? ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு! கடிகாரத்தில் பெரிய முள் நாலு நிமிடம்கூட நகராத தூரம். வாஷர் வைத்த பிளக் என்றால் அரைச் சுற்று முதல் முக்காலுக்குச் சற்றுக் குறைவு வரை.

கடைசியாக, பிளக்குகளுக்குப் போகும் வயர்கள். இந்த வி8-இன் எரிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், எரிவதும் அடுத்தடுத்து. இரண்டு வயரும் ஒட்டிப் படுத்திருந்தால், ஐந்தில் பாயும் மின்னழுத்தம் தொடாமலேயே ஏழின் வயரில் மின்சாரத்தைத் தூண்டி, ஏழாம் பிளக்கை 90 டிகிரி முன்கூட்டியே அடிக்க வைத்துவிடும்! இக்னிஷன் பலமாக ஆக ஆக இந்தத் தூண்டலும் பலமாகும். இரண்டையும் பிரித்து, எங்காவது சந்திக்க வேண்டியிருந்தால் குறுக்காகச் சந்திக்கவிட்டு, கிளிப்பில் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.